ஒரு தாழி கண்ணீர்

பேய்க் கதை யென்றால் நம்மவர்க்குத் தோட்டத்திலும் பட்டணத்திலும் அலாதிப் பிரியம். அவற்றுட் பெரும்பாலானவை வாசகனை நடுங்க வைத்து, முடிவில் மந்திரவாதியின் காலடியிற் கொண்டு தள்ளுவன. அவற்றை நாம் பொருட்படுத்துவதில்லை. இங்கே எடுத்துக்கொண்டது வேறு ரகம்.

மலைப் பயம் புக்கிட் பாஞ்சாங் வாசிகளுக்குப் புதிதன்று. பக்கத்திலுள்ள புக்கிட் தீமா 163 மீட்டர் உயரமே. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளரைப் புலி அடித்துக் கொன்றது. ஜொகூரிலுள்ள குனோங் லேடாங்கோ 1,276 மீட்டர். அதன் கதை 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூலில் உள்ளது. ஜான் லெய்டனின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1821-ல் வெளியாயிற்று.

மலாக்கா சுல்தான் மஹ்மூத் ஷா மலையிலுள்ள இளவரசியை மணக்க விரும்புகிறார். ஏறுவது அவரல்லர்; ஆட்களை அனுப்புகிறார். காற்றும் குளிரும் தாங்காமல் கிழவரான ஹாங் துவா பாதியில் நிற்க, துன் மாமாட் இரண்டொருவருடன் மேலே போகிறான். மூங்கில்கள் பாடுகின்றன. அப்பால் எலும்பாற் கட்டி மயிரால் வேய்ந்த ஒரு மண்டபம். அதில் ஒரு கிழவி. அந்த எலும்பு யாருடையதென்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயம் அங்கேயே தீர்ந்திருக்கும். இளவரசியையும் அவர் நம் கண்ணிற் காட்டுவதில்லை. கிழவியே அவள் என்றும் ஒரு பேச்சுண்டு என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுகிறார்.

2004-ல் வந்த சினிமா இவளை ஹாங் துவாவின் காதலியாக்கிற்று. சிங்கப்பூரிற் பிறந்த எம். நாசிர் ஹாங் துவாவாக நடித்தார். கண்ணுக்கு இனிய படந்தான். ஆனால் திகிலின் இடத்தைக் காதல் பிடித்துக்கொண்டது.

மூலத்தில் மெய்யாகவே அச்சந் தருவது சீதனப் பட்டியல். மலாக்காவிலிருந்து மலைக்குப் பொன் பாலமொன்று, வெள்ளிப் பாலமொன்று, ஏழு தட்டுக் கொசு இருதயம், ஒரு தாழி கண்ணீர், கடைசியாக அரசன் இரத்தம் ஒரு கிண்ணம், அவன் மகன் இரத்தம் ஒரு கிண்ணம். சுல்தான் யாவற்றையும் கேட்டு, மற்றெல்லாம் ஆகும், இரத்தம் எடுக்க மட்டும் மனம் துணியவில்லை என்று கைவிட்டார்.

தாழி நிறையக் கண்ணீர் அவருக்குக் கஷ்டமாகத் தோன்றவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். யார் அழுவது என்று அவர் கேட்கவே இல்லை. மலாக்காவில் அதற்கு மட்டும் பஞ்சம் இருந்திராது போலும்.