வைஃபை 7: அவசரம் யாருக்கு?

இப்பவே வைஃபை 7 ரவுட்டர் வாங்கிட்டா பல வருஷத்துக்குக் கவலையில்லை என்கிற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். நம்ம ஊருக்கு அது பாதிதான் சரி.

வைஃபை 7-இன் உச்ச வேகத்துக்கு 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடம் வேணும். அது 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் கிடைக்கும். அமெரிக்கா 2020-லேயே அங்கே 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. நம் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளில் இருந்தது 500 மட்டுமே. அதற்குள் அப்படிப்பட்ட தடம் ஒன்றுதான் அடங்கும். போதாததுக்கு, 2.4, 5 என இரண்டே பட்டைகள் உள்ள ரவுட்டர்களும் வைஃபை 7 என்ற பெயரிலேயே விற்பனையாகின்றன.

இரண்டு பட்டைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதி நிஜமாகவே நல்லது. ஆனால் போனும் வைஃபை 7 ஆக இருக்கணும்.

இப்போ பழவேற்காடு ஏரிப் பக்கம் காட்டூரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால், நல்ல வைஃபை 5 ரவுட்டரே அதை முழுசாகக் கொடுத்துவிடும். வாய்க்கால் சின்னது, மடையை மட்டும் அகலமாக்கி என்ன லாபம்? சுவர் தாண்டினால் 6 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். படகில் வைக்கலாம் என்றால், அதே வரைவு படகில் இந்தப் பட்டையைத் தடுத்தது.

இணைப்பு 500 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி, வைஃபை 7 போன்களும் இருந்தால், மூன்று பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்க. மீன்பாடு குறைந்த மாதத்தில் கடன் வாங்கி மாற்ற வேண்டிய பொருள் இல்லை இது.