தோற்ற கருத்துக்கும் இடம் தந்த மரபு

சீனாய் மலையில் பெற்ற தோரா என்னும் இறைச்சட்டத்தை மோசே யோசுவாவிடம் ஒப்படைத்தார். அது மூப்பர்கள், தீர்க்கதரிசிகள், பெருஞ்சபையார் என்று கைமாறி வந்தது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. எழுதிய தோராவோடு வாய்மொழிச் சட்டமும் வந்தது என்னும் யூத நம்பிக்கைக்கு இந்தப் பெயர்வரிசையே அடித்தளம். ஆனால் இம்மரபின்மேல் எனக்கு மதிப்பை உண்டாக்கியது அந்த வரிசை அன்று. கருத்து வேற்றுமைகளை அது நடத்திய விதம்.

கி.பி. 200 வாக்கில் ரபி யூதா ஹநாசி மிஷ்னாவைத் தொகுத்தார். ஹில்லேல், ஷம்மாய் என்னும் ஆசான்களின் இரு பள்ளிகளும் எதிரெதிராகச் சொன்னவை அதில் பெயரோடு நிற்கின்றன. தீர்ப்பு பெரும்பாலும் ஹில்லேல் பக்கம்தான். பிறகு தோற்ற கருத்தை ஏன் எழுதிவைக்க வேண்டும்? ‘எதுயோத்’ என்னும் பகுதி இரண்டு விடை தருகிறது. பின்னால் வரும் நீதிமன்றம் ஒன்று அதைத் துணைக்கொள்ளலாம். அல்லது, தமக்கு இப்படித்தான் சொல்லித்தந்தார்கள் என்று ஒருவர் வந்து நின்றால், அது ஏற்கப்படாத இன்னாரின் கருத்து என்று காட்டலாம்.

அதே பகுதியில் அகாவியா என்ற அறிஞர் வருகிறார். நான்கு கருத்துகளைக் கைவிட்டால் நீதிமன்றத்தில் உயர்பதவி தருவதாகச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். சாகும் தறுவாயிலோ, அவற்றை விட்டுவிடும்படி மகனிடம் சொன்னார். அவர் சொன்ன காரணம் இது: தாம் பலரிடம் கேட்டவர். எதிர்த்தவர்களும் பலரிடம் கேட்டவர்கள். அவரவர் கேட்டதில் அவரவர் நின்றார்கள். மகனோ தந்தை ஒருவரிடம் மட்டுமே கேட்டவன். ஆகவே அவன் பலர் பக்கம் போகவேண்டும். தன் சொல்லுக்கு மகன் காதில் எவ்வளவு எடை உண்டு என்பதை இவ்வளவு நேர்மையாக அளந்த தந்தையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பின்னாளில் கராயர்கள் என்னும் யூதப் பிரிவினர் வாய்மொழிச் சட்டத்தையே மறுத்தார்கள். அவர்களோடு வாதிட்ட பாபிலோனிய அறிஞர் சாதியா காவோன் (882–942), புலனறிவு, பகுத்தறிவு, அனுமானம் ஆகியவற்றோடு நம்பத்தக்க மரபையும் அறிவின் வழியாகச் சேர்த்தார். தனி மனிதர் தவறலாம், பொய் சொல்லலாம். ஒரு பெருங்கூட்டம் முழுவதும் கூடிப் பொய் சொன்னால் அது வெளிப்பட்டுவிடும் என்பது அவர் வாதம். மக்கள் திரளாகக் கண்டதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சிக்கு இது பொருந்தலாம். சட்டத்தின் நுணுக்கங்களை இந்த வாதம் காக்காது என்றே நினைக்கிறேன்.

பின்வந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிதீஸ் அந்த நுணுக்கங்களுக்கும் அரண் கட்டினார்: மோசேயிடமிருந்து நேரே வந்தவற்றில் சர்ச்சையே எழவில்லை, ஆராய்ந்து பெற்றவற்றில்தான் எழுந்தது என்றார். 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரபி யாயிர் பாக்கராக், மோசேயிடமிருந்து நேரே வந்ததாகச் சொல்லப்பட்டவற்றிலும் சர்ச்சை நடந்த இடங்களை, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூதிலிருந்தே எடுத்துக் காட்டினார். தொழுகையில் நெற்றியிலும் கையிலும் கட்டும் தெஃபிலின் என்னும் சிறு பெட்டிகளுக்குள் வேத வசனங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில்கூட உரையாசிரியர் ராஷியும் அவர் பேரர் ரபேனு தாமும் வேறுபட்டார்களே!

அறுந்துபோன மரபு இன்னும் கடுமையான சோதனை. லேவியராகமம் சில வெட்டுக்கிளிகளை உண்ண அனுமதிக்கிறது. ஐரோப்பிய யூதர்களிடம் அவற்றை அடையாளம் காணும் வழக்கம் இல்லாமல் போனதால் முற்றிலும் விலக்கினார்கள். ஏமன் யூதர்களோ எது தகும் என்று தலைமுறை தலைமுறையாகக் காட்டிக்கொடுத்து உண்டுவந்தார்கள். 1949–50இல் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கு வந்தபோது அந்த அறிவும் உடன் வந்தது. ஏமனியர் காட்டும் வெட்டுக்கிளியை மற்ற யூதர்கள் உண்ணலாமா என்பதில் ரபிகள் இன்றும் ஒருமனப்படவில்லை.