பிரிண்டருக்கு நிரந்தர முகவரி: மைக்ரோடிக் ஹேப் ஏஎக்ஸ் 2

ஆபீஸில் திங்கட்கிழமை காலையில் 'பிரிண்டரைக் காணோம்' என்று கம்ப்யூட்டர் சொன்னால், பெரும்பாலும் பிரிண்டர் மேல் தப்பு இருக்காது. சனி, ஞாயிறு அணைந்து கிடந்த பிரிண்டரின் லீஸ், அதாவது முகவரியை வைத்துக்கொள்ளும் கெடு, முடிந்திருக்கும். அதன் ஐபி முகவரியை ரவுட்டர் வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். இந்தப் பங்கீட்டைச் செய்வதுதான் டி.எச்.சி.பி. சர்வர். லாட்வியாவின் மைக்ரோடிக் கம்பெனி தயாரிக்கும் ஹேப் ஏஎக்ஸ் 2 ரவுட்டரில் நான் குறிப்பாகப் பார்த்தது இந்த ஒரு வேலையைத்தான். வைஃபை 6, ஐந்து கிகாபிட் போர்ட் எல்லாம் உண்டு. வைஃபை வேகத்தை அளந்து எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்து மின்சாரம் கொடுத்ததுமே 192.168.88.1 என்ற முகவரியில் உட்கார்ந்துகொண்டு, 10 முதல் 254 வரை வந்தவர்களுக்கெல்லாம் முகவரி வழங்க ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் மேலிருந்து கீழே: முதலில் வரும் லேப்டாப்புக்கு 254. லீஸ் நேரம் நிமிடக் கணக்குதான். வந்துபோகிறவர்களின் போன்கள் நிறைந்த கடைக்கு அது சரி. தினமும் அதே ஆட்கள் வரும் ஆபீஸுக்கு ஒரு நாளாக மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற ரவுட்டர்களில் ஒரே பக்கத்தில் இருக்கும் சமாச்சாரம் இதில் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்த எண்களைக் கொடுப்பது என்பது 'பூல்' பகுதியில், கேட்வேயும் டி.என்.எஸ்ஸும் 'நெட்வொர்க்ஸ்' பகுதியில், எந்த இன்டர்ஃபேஸில் கொடுப்பது என்பதும் லீஸ் நேரமும் சர்வர் பகுதியில். முதல்முறை பார்ப்பவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். 'நெட்வொர்க்ஸ்' பகுதியை நிரப்ப மறந்தால் எல்லோருக்கும் ஐபி கிடைக்கும், இன்டர்நெட் கிடைக்காது. இன்னொரு பொறி: பிரிட்ஜில் (பல போர்ட்களை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் அமைப்பு) சேர்ந்திருக்கும் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் சர்வர் வரி சிவப்பாகி வேலை செய்யாது, பிரிட்ஜையே தேர்ந்தெடுக்க வேண்டும். புதியவர்கள் 'டி.எச்.சி.பி. செட்டப்' பொத்தானை அமுக்கி, அது கேட்கும் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிவிடுவது உத்தமம்.

எனக்குப் பிடித்த இடம் லீஸ் பட்டியல். இப்போது யார் எந்த முகவரியில் இருக்கிறார்கள், எத்தனை நிமிடம் பாக்கி என்பது வரி வரியாக ஓடுகிறது. பிரிண்டரின் வரியைத் திறந்து 'மேக் ஸ்டாட்டிக்' கொடுத்தால் போதும், அந்த எண் அதற்கே பட்டா. பூலை 100 முதல் 200 வரை சுருக்கிவிட்டு, கீழே உள்ள எண்களை பிரிண்டருக்கும் கேமராக்களுக்கும் ஒதுக்கினால் பட்டியல் படிக்கவும் சுலபம். போனுக்கு இப்படி ஒதுக்குவதானால், முதலில் அந்த வைஃபைக்கு மட்டும் போனின் ரேண்டம் மேக் (MAC, கருவியின் வன்பொருள் முகவரி) வசதியை நிறுத்த வேண்டும். மேக் மாறினால் ஒதுக்கீடும் போச்சு.

ஒரு முகவரியைக் கொடுக்கும்முன் அதில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று ரவுட்டரே தட்டிப் பார்க்கிறது. ஆனால் கையால் ஐபி போட்ட பழைய டி.வி.ஆர். அந்த நேரம் அணைந்திருந்தால் பதில் வராது, முகவரி இன்னொருவருக்குப் போய்விடும். ஆகவே கையால் போடும் எண்களைப் பூலுக்கு வெளியே வையுங்கள். யாரோ ஒரு பழைய ரவுட்டரை இதன் போர்ட்டில் செருகி, அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் 'அலர்ட்ஸ்' பகுதி காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுப்பதோடு சரி, தடுக்க பிரிட்ஜில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங்கைத் தனியாகப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் குழப்பிவிட்டாலும் வழி இருக்கிறது. வின்பாக்ஸ் மென்பொருள் ஐபி இல்லாமலே மேக் முகவரி வழியாக உள்ளே போகும். 'சேஃப் மோட்' போட்டுவிட்டு மாற்றங்கள் செய்தால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இந்த இரண்டும் எல்லா ரவுட்டரிலும் இருந்திருக்கலாம்.

நாலு போனும் ஒரு டி.வி.யும் உள்ள வீட்டுக்கு இது வேண்டாத வேலை. பிரிண்டர், கேமரா, பயோமெட்ரிக் மெஷின் என்று ஓடும் ஆபீஸுக்கு, ஒரு மாலை நேரம் உட்கார்ந்து அமைக்க ஆள் இருந்தால், தாராளமாக வாங்கலாம்.