கொடையும் சட்டமும் வளர்த்த நூலகம்

வங்காளத்து லெப்டினன்ட் கவர்னர்கள் ஒரு காலத்தில் வாசம் செய்த பெல்வெடியர் மாளிகையில், கொல்கத்தாவின் அலிப்பூர்ப் பகுதியில், நிலைபெற்றிருக்கும் தேசிய நூலகத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பெரும் பரபரப்புடன் எழுதிய செய்தி புத்தகங்களைக் குறித்ததன்று. 2010-ஆம் ஆண்டில் மாளிகையைச் செப்பனிட வந்த தொல்லியல் துறையினர், கீழ்த்தளத்தில் வாயிலே இல்லாத, ஏறக்குறைய 1,000 சதுர அடி பரப்புள்ள ஓர் அறை இருப்பதைக் கண்டனர். புதையல் என்றும் சிறைக்கூடம் என்றும் ஊகங்கள் பெருகின. பின்னர் ஆராய்ந்தபோது அதனுள் மண்தான் நிரப்பப்பட்டிருந்தது. அந்த அறைக்குக் கிடைத்த பிரசித்தியில் ஒரு பங்கேனும் அந்நூலகத்தின் கிரந்தங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதே என் ஆதங்கம்.

துவாரகநாத தாகூர் முதலிய நகரப் பிரமுகர்களின் ஆதரவில் 1836-இல் தோன்றிய கல்கத்தா பொது நூலகமும், அரசாங்கக் காரியாலயங்களின் நூல்களைத் திரட்டி 1891-இல் அமைத்த இம்பீரியல் நூலகமும் கர்ஸன் பிரபுவின் முயற்சியால் ஒன்றாகி, 1903 ஜனவரி 30 அன்று மெட்காஃப் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. முதல் நூலகர் ஜான் மாக்ஃபர்லேன் பிரிட்டிஷ் மியூஸியத்திலிருந்து வந்தவர். அவருக்குப்பின் பன்மொழிப் புலமையால் புகழ்பெற்ற ஹரிநாத் தே அப்பதவியில் அமர்ந்தார். சுதந்திரத்துக்குப்பின் 1948-இல் பெயர் மாறிற்று. 1953 பிப்ரவரி முதல் தேதியன்று மௌலானா ஆசாத் பெல்வெடியரில் இதனைத் திறந்துவைத்தார். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையே இந்த ஸ்தாபனத்தைப் பெயர் சுட்டிக் கூறுகிறது.

ஆயினும், இந்நூலகத்தின் உண்மையான ஐசுவரியம், தம் ஆயுள் முழுதும் தேடித் திரட்டிய நூல்களைத் தமக்கென்றோ தம் சந்ததிக்கென்றோ வைத்துக்கொள்ளாமல் பொதுவுக்கு அளித்தவர்களிடமிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம். பர்த்வான் ஜில்லாவின் புஹார் கிராமத்திலிருந்து அரபு, பாரசீகச் சுவடிகள் வந்தன. அஸுதோஷ் முகர்ஜியின் குடும்பத்தார் ஏறக்குறைய 80,000 நூல்களை வழங்கினர். சரித்திராசிரியர் ஜதுநாத் ஸர்க்காரின் சேகரமும் இங்கேதான் இருக்கிறது. தமிழர் சிறப்பாக நினைக்கவேண்டியது, தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து, சங்க நூல்களையும் நிகண்டுகளையும் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்களும் ஏடுகளும் அவருடைய பெயராலேயே அங்குப் பாதுகாக்கப்பட்டு வருவதாகும். தமிழ்ப் பதிப்புச் சரித்திரத்தை ஆராய்வோர் சென்னையிலும் தஞ்சையிலும் தேடுவதோடு நின்றுவிடாமல், ஹூக்ளி நதிக்கரை நகரத்துக்கும் ஒருமுறை யாத்திரை செய்யவேண்டிய அவசியம் இதனால் ஏற்படுகிறது.

சட்டத்தால் வருவதோ வேறு வகை. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்நாட்டில் நூல் வெளியிடும் ஒவ்வொருவரும் வெளியான முப்பது நாட்களுக்குள், தம் செலவிலேயே, தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னைக் கன்னிமரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொன்றும் அனுப்பவேண்டும். இவ்விதம் சேரும் நூல்களைக் கொண்டே இந்திய தேசிய நூற்பட்டியல் தயாராகிறது. மயிலாப்பூரில் பிறந்து, சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய நூலகராக விளங்கிய பி.எஸ். கேசவன் அதற்கு வித்திட்ட பெருந்தகை. ஆனால் கடமை தவறியவருக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை, ஐம்பது ரூபாய் வரையிலான அபராதமும் நூலின் விலையும் மாத்திரமே! அச்சமூட்டி நூல்களை வருவிக்கும் பலம் இதற்கு இல்லை. பதிப்பாளரின் சிரத்தை ஒன்றே துணை. அனுப்பப்படாத நூல் பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாத தமிழ் நூலைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டடைவது மிகவும் துர்லபம். ஆகவே, சிறு பதிப்பகத்தாரும் சொந்தச் செலவில் கவிதைத் தொகுதி வெளியிடும் இளைஞர்களும், நூல் அச்சகத்திலிருந்து வந்த வாரத்திலேயே, விமர்சனத்துக்கென்று பத்திரிகைகளுக்கு அனுப்பும் பிரதிகளோடு பெல்வெடியருக்கும் ஒரு பிரதியைத் தபாலில் சேர்த்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.