சராசரியும் மொத்தமும் மட்டும் போதுமா?

வெப்பநிலைக்கும் வெப்ப ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டுவது வெப்பநிலை. அவற்றின் மொத்த இயக்க ஆற்றல் வெப்ப ஆற்றல். எழுதினால் மதிப்பெண் உறுதி. இந்த முறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்வது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சூடு அதிகமென்றால் ஆற்றலும் அதிகம் என்று கை சொல்லும் தீர்ப்பை இந்த வரையறை உடைக்கிறது. அதுதான் இதன் பலம். கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி வரை சூடானது, கையில் பட்டாலோ சுருக்கென்பதோடு சரி. 70 டிகிரி வெந்நீர் ஒரு செம்பு காலில் கொட்டினால் கொப்புளித்துவிடும். எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு பொருள் என்றும் கேட்கப் பிள்ளைகள் பழகுகிறார்கள். நல்ல தொடக்கம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. 0 டிகிரியில் பனிக்கட்டி ஒரு கிலோ, அதே 0 டிகிரியில் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு வரி வரையறைப்படி இரண்டிலும் ஆற்றல் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டியை உருக்கவோ 334 கிலோஜூல் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அது மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்தவே செலவாகிறது. ஜோசப் பிளாக் 18ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன மறைவெப்பம் இது. வகுப்பில் இது தனிப் பாடமாக வந்து, இந்த வரையறையோடு ஒட்டாமலே போய்விடுகிறது.

ஒட்டவைக்கக் கம்பம் பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டியில் ஆய்வகம் தேடவேண்டாம். அங்கிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவர்களுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோர் நன்றாகத் தெரியும். பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். தட்டுகளில் பரப்பி, அடுப்பு மூட்டி, அறையை 50 டிகிரி அளவில் வைப்பார்கள். சூடு மிஞ்சினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போகும், போடி ஏல மையத்தில் விலை இறங்கும். தெர்மாமீட்டர் ஒரே இடத்தில் நிற்கும். விறகு மட்டும் இரவெல்லாம் எரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கிலோ பச்சைக்காயை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 500 கிலோஜூல் போதும். அதிலுள்ள நான்கு கிலோ நீரை ஆவியாக்க 9,500 கிலோஜூல் வேண்டும். புகைபோக்கியிலும் சுவரிலும் வீணாவது தனி. காய் கெடாமல் காக்கத் தெர்மாமீட்டர் அவசியம்தான். விறகுச் செலவை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சின்ன வகுப்பில் பிணைப்பு ஆற்றலைப் பேசினால் குழப்பம் வரும் என்று ஆசிரியர்கள் தயங்குவது நியாயமே. அதற்காகத் தவறான முழுமையைக் கொடுக்க வேண்டியதில்லை. 'மொத்த இயக்க ஆற்றல்' என்ற இடத்தில் 'பிணைப்பில் உள்ளதும் சேர்ந்தது' என ஒரு வார்த்தை கூட்டலாம். தேர்விலும் 'வேறுபடுத்துக' என்பதற்குப் பதிலாக, 50 டிகிரியிலேயே நிற்கும் ஸ்டோருக்கு விடிய விடிய விறகு எதற்கு என்று கேட்கலாம்.