டீச்சரம்மாவும் என் நீல ட்ரம்மும்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை முதல் தடவை படித்தது கல்லூரி நாட்களில். அப்போது எனக்கு அது ஜமுனாவின் கதை. சினிமா ஆசை காட்டி ஒருத்தன் ஒரு பெண்ணை நாசம் பண்ணுகிறான், பின்னணியில் தண்ணிப் பஞ்சம், அவ்வளவுதான். டீச்சரம்மா என்று ஒரு பாத்திரம் இருந்ததே புத்தகத்தை மூடியதும் மறந்துபோச்சு.

இரண்டாவது தடவை படித்தது 2019 ஜூனில். அந்த மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் எல்லாம் வெடித்த நிலமாகக் கிடந்தன. லாரி எப்ப வரும் என்பதுதான் ஊரின் ஒரே பேச்சு. மடிப்பாக்கத்தில் எட்டு வீடு கொண்ட ஒரு ஃப்ளாட்டில் இரண்டாவது மாடியில் இருந்தேன். ராத்திரி தூக்கம் வராமல் நாவலை எடுத்தேன். இந்த முறை அது வேற புத்தகமாக இருந்தது. முழுக்க முழுக்க அக்கம்பக்கத்தைப் பற்றிய நாவல்.

‘தண்ணீர்’ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைக் குறியீடாக்கிவிடுகிறார்கள். வறண்ட வாழ்க்கை, ஈரமில்லாத மனசு, இந்த மாதிரி. எனக்கு இதில் மனஸ்தாபம் உண்டு. அந்த நாவலில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். குழாயில் வராது, பம்பில் காற்றுதான் வரும், தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு சாக்கடையைக் குடிதண்ணீரில் கலந்துவிடுவார்கள். வீட்டில் தண்ணி இல்லையென்றால் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்தவர் வாசலுக்குப் போயாகணும். நாவலை ஓட்டுகிற இயந்திரம் இதுதான். வசதியான நாளில் தட்டவே தேவைப்படாத கதவுகளைப் பஞ்சம் தட்ட வைக்கிறது. எந்தக் கதவு எப்படித் திறக்கிறது என்பதை அசோகமித்திரன் பக்கம் பக்கமாகக் குறித்துவைக்கிறார். குரலை உயர்த்தாமல், ஏதோ கணக்கெழுதுகிற மாதிரி.

டீச்சரம்மா அந்தத் தெருக்காரி. ஜமுனாவுக்குச் சொந்தமில்லை. சிநேகிதி என்றுகூடச் சொல்ல முடியாது. தங்கை சாயாவும் விட்டுப்போன பிறகு சாவுக்கு அருகில் போய்த் திரும்பியிருக்கிற ஜமுனாவிடம் அவள் ஆறுதலாக ஒண்ணும் சொல்வதில்லை. தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். சின்ன வயதிலேயே, தன்னைவிட மிக மூத்த, இருமல் நிற்காத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட கதை, மாமியார் படுத்திய கதை. சொல்லும்போது அழவில்லை, உபதேசமும் செய்யவில்லை. கதை முடிந்ததும் மறுபடி தண்ணி பிடிக்கிற வேலைக்குத் திரும்பிவிடலாம் என்பது போன்ற தொனி.

கல்லூரியில் இந்த இடத்தைத் தாண்டிப் போனதற்குக் காரணம் இப்போது புரிகிறது. அதை நான் “பெண்ணின் துயரம்” என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அங்கே நடப்பது வேற. ஒரு நல்ல அண்டை வீட்டுக்காரர் அடுத்தவர் துன்பத்துக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு அந்தக் காட்சி ஓர் அளவு. வாசல் வரை வருகிறாள், உட்காருகிறாள், தன்னுடையதைக் கொஞ்சம் எடுத்து வைக்கிறாள், போய்விடுகிறாள். பாஸ்கர் ராவை விட்டுவிடு என்று வற்புறுத்துவதில்லை. ஜமுனாவின் வாழ்க்கையை எடுத்து நடத்த முயல்வதும் இல்லை. ஆனால் கடைசியில் பாஸ்கர் ராவின் கார் வரும்போது ஏற மறுக்கிற ஜமுனாவுக்குள் டீச்சரம்மாவின் அந்தச் சாயங்காலம் இருக்கிறது. இது என் வாசிப்பு. நாவல் இதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நட்பைப் பற்றி நமக்கு எவ்வளவோ இருக்கிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்க்காமலேயே நண்பர்கள், ஒருவர் வடக்கிருந்தபோது மற்றவரும் வந்து சேர்ந்தார். அழகான கதைதான். ஆனால் பார்க்காமல் இருந்ததும் ஒருவகையில் சௌகரியம் இல்லையா? பிசிராந்தையார் உறையூரில் சோழனுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து, சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் ஆளைக் கூப்பிடுவது என்று பேச வேண்டியிருந்தால்? நண்பனை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சொந்தம் ரத்தத்தில் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரை நமக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வீட்டு புரோக்கர்.

சங்கக் கவிதைகளில் அண்டை அயலார் அதிகம் வருவது அலர் தூற்றத்தான். வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பேசினால் அலர். தலைவிக்கு இரவெல்லாம் தூக்கம் போவதற்குத் தலைவன் பாதிக் காரணம், தெருப் பெண்கள் மீதி. குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கெட்ட அக்கம்பக்கத்துக்குத் தமிழில் இரண்டாயிரம் வருஷ வரலாறு உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் புறநானூற்றின் 86ஆம் பாட்டு, காவற்பெண்டு எழுதியது, எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. புலி இருந்துவிட்டுப் போன குகை என்று தன் வயிற்றைக் காட்டும் தாயை நாம் கொண்டாடுகிறோம். அவளிடம் கேள்வி கேட்டவளை யாரும் கவனிப்பதில்லை. சின்ன வீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறாள் ஒருத்தி. பெயர் கிடையாது. இன்னொருத்தர் வீட்டுத் தூணை அப்படிச் சுவாதீனமாகப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடியவள் யார்? பக்கத்து வீட்டுக்காரியாகத்தான் இருக்கணும். அவள் வந்து கேட்டதால்தான் தாய் வாயைத் திறந்தாள். பாட்டே அந்தக் கேள்விக்கு வந்த பதில்.

மறுபடி அசோகமித்திரனுக்கு வருகிறேன். ‘தண்ணீர்’ மட்டும் படித்தால் அவர் அக்கம்பக்கத்தின் நல்லதை நம்பியவர் என்று தோன்றிவிடும். ‘18வது அட்சக்கோடு’ அதைக் கலைத்துப்போடுகிறது. நிஜாம் காலத்துச் செகந்தராபாத், 1948, போலீஸ் நடவடிக்கைக்கு முன்னும் பின்னும். இந்துக்களும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கலந்து வாழ்கிற குடியிருப்பு, அதில் கிரிக்கெட் பைத்தியமான சந்திரசேகரன். அங்கே யாரும் பிறவியிலேயே கெட்டவர்கள் இல்லை. நேற்றுவரை பந்து பொறுக்கிப்போட்டவர்கள்தான். ஊரின் அதிகாரம் கை மாறுகிறபோது, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் புது அர்த்தம் வந்துவிடுகிறது.

கடைசிக் காட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கலவரத்தில் ஓடுகிற சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுச் சிறுபெண் அவன் முன் ஆடையைக் களைகிறாள். அவன் எதுவும் செய்யவில்லை. செய்கிற உத்தேசமும் இல்லை. ஆனால் அவள் கண்ணுக்கு அவன் யார்? கெட்ட பக்கத்து வீட்டுக்காரனாக ஆவதற்கு நாம் கெட்டவனாக இருக்கத் தேவையில்லை என்பதை இவ்வளவு கொடூரமாக வேறு தமிழ் நாவல் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அவன் அங்கிருந்து ஓடுகிறான். நானும் புத்தகத்தைத் தள்ளிவைத்தேன்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ இதற்கு நேரெதிர் என்பார்கள். உன்கிட்ட இருக்கா என்று பட்டுச் சட்டையைக் காட்டிப் போட்டிபோடும் பணக்கார வீட்டுப் பையன் ஒரு பக்கம், உடம்பெல்லாம் சிரங்கோடு வந்த அநாதைப் பையனைத் தீபாவளிக்குக் குளிப்பாட்டும் தாயம்மாள் இன்னொரு பக்கம். எனக்கும் பிடித்த கதைதான், ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். இருந்தாலும் தாயம்மாள் மாதிரி நம்மால் ஆக முடியாது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது, அதனால் நிம்மதியாக அழலாம். டீச்சரம்மா அந்த நிம்மதியைத் தருவதில்லை. அவள் செய்தது யாராலும் செய்யக்கூடியது.

அந்த ஜூனுக்கு வருகிறேன். எங்கள் ஃப்ளாட்டில் சம்பில் இருக்கிற தண்ணியைக் காலை ஆறு மணிக்குக் கால் மணி நேரம் மோட்டார் போட்டு மேலே ஏற்றி, எட்டு வீடும் பிடித்துக்கொள்வது என்று ஒப்பந்தம். வாட்ஸ்ஆப் குரூப்பில் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தோம். மூன்று நாள் நான் விடியற்காலை நாலு மணிக்குச் சத்தமில்லாமல் இறங்கிப்போய் மோட்டாரைப் போட்டு, ஒரு நீல ட்ரம்மை நிரப்பிவைத்துக்கொண்டேன். ஆபீஸ் போகணும், குளிக்கணும், அவ்வளவுதான் என் நியாயம். ‘தண்ணீர்’ அப்போது தலைமாட்டில் பாதி படித்தபடி கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் கீழ் வீட்டு அம்மா மாடியேறி வந்தாங்க. அறுபத்தைந்து வயசு இருக்கும், முட்டி வலிக்காரங்க. நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்று, “தம்பி, உங்க வீட்ல இன்னிக்கு தண்ணி வந்துதாப்பா?” என்றார்கள்.

“இல்லம்மா, எங்களுக்கும் வரல.”

என் முதுகுக்குப் பின்னால் ட்ரம் இருந்தது. மூடிகூடப் போடவில்லை. அவங்க பார்த்தாங்க. “சரிப்பா” என்று இறங்கிப் போனாங்க. குரூப்பில் எதுவும் போடவில்லை. பிறகும் படியில் பார்த்தால் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாங்க. ஆகஸ்டில் மகள் வீட்டோடு போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

நாவலின் மீதிப் பாதியை அந்த ராத்திரி படிக்கவில்லை. நாலைந்து மாசம் கழித்து, ஏரிகளில் தண்ணி வந்த பிறகுதான் எடுத்தேன். டீச்சரம்மா பேச ஆரம்பிக்கிற பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தேன்.