பயமுறுத்திவிட்டுத் தேற்றுவதா?

2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சாமர்வில் நகரத்து மழலையர் வகுப்பு ஒன்றில் ஒட்டியிருந்த தாளின் படம் உலகமெங்கும் பரவியது. 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில் ஒரு பாட்டு. கதவைப் பூட்டு, விளக்கை அணை, மேசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒளிந்துகொள் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறது. துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்பதற்கான 'லாக்டவுன்' ஒத்திகைக்கு எழுதிய பாட்டு அது. ஒத்திகையில் பிள்ளைகள் பேசாமல் இருக்க வாயில் லாலிபாப் கொடுக்கும் ஆசிரியர்களும் அங்கே உண்டு. ஒத்திகை முடிந்ததும் மூச்சுப் பயிற்சி, ஆலோசகரோடு பேச்சு. 'மன ஆதரவு' என்ற பெயரில் இவையெல்லாம் இன்று பாராட்டப்படுகின்றன.

ஒத்திகையே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பள்ளித் தீக்குப் பறிகொடுத்த தமிழ்நாட்டுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை ஆராய்ந்த குழு, வகுப்பறைக் கதவை உள்ளிருந்தே பூட்டும் வசதி வேண்டும் என்று வற்புறுத்தியது. கதவைப் பூட்டிச் சத்தமின்றி இருக்கப் பழக்குவது நியாயமான பாடம்தான். பாட்டு எழுதிய ஆசிரியரின் அன்பிலும் குறையில்லை.

குறை, அந்த ஆதரவு வந்து சேரும் நேரத்தில் இருக்கிறது.

2018 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக் பிராண்ட்லி உயர்நிலைப் பள்ளியில் முன்னறிவிப்பின்றி ஓர் ஒத்திகை நடந்தது. துப்பாக்கிச் சூடு நடப்பதாக ஆசிரியர்களுக்குச் செய்தி போனது. மாணவர்கள் அழுதார்கள், பெற்றோருக்குக் கடைசிச் செய்தி அனுப்பினார்கள், வேலி ஏறிக் குதித்து ஓடினார்கள். அதே மாநிலத்தின் பார்க்லேண்ட் நகரப் பள்ளியில் 17 பேர் சுடப்பட்டு இறந்து பத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்படி நடுங்கிய பிள்ளையை உட்காரவைத்து, "ஆழமாக மூச்சு விடு" என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? பெரியவர்களே உண்டாக்கிய பயத்தை அடக்கும் வேலை குழந்தையின் தலையில் விழுகிறது. அதற்கு ஆதரவு என்று பெயர் வைப்பதை ஏற்கவே முடியாது.

"நிஜ ஆபத்து சொல்லிவிட்டா வருகிறது?" என்பதுதான் இதை ஆதரிப்பவர்கள் சலிக்காமல் கேட்கும் கேள்வி. 1958இல் சிகாகோவின் 'அவர் லேடி ஆஃப் த ஏஞ்சல்ஸ்' பள்ளித் தீயில் 92 மாணவர்களும் 3 கன்னியாஸ்திரீகளும் மாண்டார்கள். அதன்பின் அமெரிக்கப் பள்ளிகளில் தீ எச்சரிக்கை மணியும் தண்ணீர்த் தெளிப்பான்களும் ஒத்திகைகளும் பெருகின. ஆனாலும் பிள்ளைகளைப் பழக்குவதற்காக வராந்தாவில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. தீக்கு வேண்டாத திகில் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் வேண்டும்? 2019இல் இந்தியானாவில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை மண்டியிடச் செய்து பின்னாலிருந்து பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டார்கள், பயிற்சியாம். வளர்ந்தவர்களே காயத்தோடும் அழுகையோடும் வெளியே வந்தார்கள்.

ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 114 பள்ளிகளைச் சார்ந்த சமூக ஊடகப் பதிவுகளை, ஒத்திகைக்கு 90 நாள் முன்னும் 90 நாள் பின்னும் ஒப்பிட்டார்கள். மன அழுத்தமும் பதற்றமும் 42 விழுக்காடும், மனச்சோர்வு 39 விழுக்காடும் கூடியிருந்தன. பதிவுகளை வைத்து நோயைக் கணிக்க முடியாது என்பது சரிதான். ஆனால் மூன்று மாதம் வரை நீளும் கலக்கத்தைப் பத்து நிமிட மூச்சுப் பயிற்சி தீர்க்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கை. ஒரு முறை பொய்யாக அலறிய ஒலிபெருக்கியை அடுத்த முறை பிள்ளை எப்படி நம்பும்? "பயப்படாதே" என்கிற ஆசிரியரைத்தான் எப்படி நம்பும்?

ஜப்பானின் கமாய்ஷி நகரம் வேறு வழியில் போனது. அங்கே பள்ளிகளில் சுனாமியை மறைக்காமல் பாடமாகவே நடத்தினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது, எந்த மேடு பாதுகாப்பு என்று பிள்ளைகளே வரைபடம் போட்டுப் பழகினார்கள். 2011 மார்ச் 11 அன்று சுனாமி தாக்கியபோது பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அந்நகரின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். என்ன நடக்கும், தான் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த தைரியம்.

நியூயார்க் மாநிலம் 2024இல் விதிகளை மாற்றியது. துப்பாக்கிச் சூட்டை நடித்துக் காட்டக் கூடாது. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நடப்பது ஒத்திகைதான் என்று மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பள்ளியில் எத்தனை ஆலோசகர் இருந்தும் பயனில்லை. நியூஜெர்சியிலோ டெக்சாசிலோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர், ஒத்திகை என்றைக்கு, பிள்ளைகளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பள்ளியிடம் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும்.